இலை கோப்பான பிறகும் பங்கு உண்டு

தேசியப் பல்லுயிர் ஆணையம் 2025 ஏப்ரல் 29 அன்று வெளியிட்ட பயன்பகிர்வு ஒழுங்குமுறைகள் நடப்புக்கு வந்துவிட்டன. உயிரி வளத்தைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை இருந்தால் பகிர்வு கிடையாது. அதற்கு மேல் 0.2, 0.4, 0.6 சதவீதம் என்று படிகள். அதைக் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும். மருந்து உயிரித் தொழில்நுட்பத்தில் இருக்கும் நமக்குப் பெரிய செய்தி, டிஜிட்டல் மரபணு வரிசைத் தகவலும் இந்த ஒழுங்குமுறைகளின் வரம்புக்குள் வந்திருப்பதுதான். இதை முழு மனதோடு வரவேற்கிறோம்.

மேகமலையில் பறித்த விரல் நீள இலை ஒன்று சிலிக்கா ஜெல் போட்ட உறைக்குள் உலர்ந்து ஆய்வகத்துக்கு வருகிறது. டி.என்.ஏ.வைப் பிரித்து வரிசைப்படுத்திவிட்டால் இலைக்கு வேலை இல்லை. மீதி எல்லாம் கோப்பும் ஈஸ்ட்டும் நொதிகலனும்தான். மலேரியா மருந்துக்கு மூலமான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை ஈஸ்ட்டில் எடுக்கலாம் என்று 2006இல் தெரிந்தது. 2013இல் சனோஃபி அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தது. நோத்தபோடைட்டஸ் மரத்துக்குள் வாழும் பூஞ்சையே புற்றுநோய் மருந்துக்கு மூலமான கேம்டோதெசினைத் தருகிறது என்று 2005இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. மரம் வெட்டுக்குத் தப்பிப்பதில் நமக்கு மகிழ்ச்சிதான். காட்டுக்கே வராத கம்பெனியிடம் காட்டின் பங்கை எப்படிக் கேட்பது என்பதற்கு இதுவரை வழியில்லாமல் இருந்தது.

ஆனால் பங்கு யாருக்குப் போகும்? 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் பல்லுயிர்ச் சட்டத் திருத்தம், நூல்வழிப் பதிவான மரபறிவைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்குப் பயன்பகிர்விலிருந்து விலக்குத் தருகிறது. மேகமலைப் பழங்குடிகளான பளியரின் அறிவு ஏட்டில் இல்லை, வாய்வழி வருவது. அவர்கள் காட்டித் தந்த செடியையே ஒரு கம்பெனி சித்த நூலில் தேடிப் பிடித்து, விலக்கு கேட்டு வாதாட இடமிருக்கிறது. மீறினால் முன்பு 5 ஆண்டு வரை சிறை; இப்போது 1 லட்சம் முதல் 50 லட்சம் வரை அபராதம், அதுவும் ஓர் அதிகாரி முடிவு செய்வார். பெரிய கம்பெனிக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி.

காணிப் பழங்குடி மக்களின் கதை நமக்குத் தெரியும். ஆரோக்கியப்பச்சைப் பழத்தைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் அகத்தியமலை ஏறியவர்களால்தான் 1987இல் ஆய்வாளர்களுக்கு அந்தச் செடி தெரிந்தது. அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமம் 1995இல் ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. நாடே மெச்சியது. அதே மக்கள் அந்தச் செடியை வளர்த்து விற்க வனத்துறையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

மேகமலை 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. பளியர் காட்டுக்குள் நுழையவே கேள்விகள். இலையின் கோப்புக்குச் சென்னையில் உள்ள ஆணையத்திடம் ஒப்புதல் வாங்கலாம். இலையைக் காட்டியவர் அதைப் பறித்தால் குற்றமாகலாம். இது என்ன நியாயம்? அவர் அறிவு பதிவாக வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளோ, பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரிக்குள் முடிக்கச் சொல்லி, தவறினால் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று மிரட்டிய பிறகுதான் வேகம் பிடித்தன. கெடுவுக்குப் பயந்து நிரப்பிய ஏட்டில் பளியக்குடிகளின் குரல் எவ்வளவு இருக்கும்? அதிகாரிகள் நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்க இன்னும் மனமில்லை.

பி.பார்ம். ஆறாம் பருவத்தில் மருந்து உயிரித் தொழில்நுட்பம் நடத்தும் ஆசிரியர்களே, ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமும் நொதித்தலும் உள்ள அந்தத் தாளில் இந்தப் பல்லுயிர்ச் சட்டம் இல்லை. பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். வரும் பருவத்திலேயே ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள்.