அடுக்களைக் குறிப்பு: மரச்சீனி

பாலராமபுரத்திற்குப் புதிதாய்க் குடிவந்த சகோதரிகள் சந்தையில் ‘மரச்சீனி’ எனக் கேட்டு மலைக்க வேண்டுவதில்லை. நம் மரவள்ளிக் கிழங்கேதான் அது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஆதரித்துப் பரப்பிய பயிர். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது இந்நாட்டின் பசியாற்றியதும் இதுவே.

ஆயினும் இக்கிழங்கில், கசப்பு வகையில் மிகுதியாக, சயனைடு நஞ்சாக மாறும் பொருள் உண்டு. பச்சையாகக் குழந்தைகள் கடிக்க விடலாகாது. உட்பட்டையோடு தோலுரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறைந்த நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மனமின்றி அதிலேயே குழம்பு கூட்டும் சிக்கனம் நமக்கு உடன்பாடன்று. தேங்காய் அரைத்துச் சேர்ப்பது பின்னரே. பறித்த இரண்டு மூன்று நாட்களில் கிழங்கில் கருநீல வரி ஓடிவிடுமாதலால், அன்றன்றைக்கு வேண்டியதே வாங்குக.