டூர் லிஸ்ட்ல யார் பேர் விட்டுப்போச்சு?

செமஸ்டர் முடியப் போகுது. கேன்டீன்ல டூர் பேச்சு சூடா ஓடிக்கிட்டிருக்கும். குற்றாலமா, பாபநாசமா, மணிமுத்தாறான்னு ஒரு பட்டிமன்றமே நடக்கும். பேர் எழுத ஆரம்பிச்சதும், வீல்சேர்ல வர்ற உங்க கிளாஸ்மேட் சிரிச்சுக்கிட்டே சொல்வார்: "நீங்க போயிட்டு வாங்கப்பா. எனக்கு வீட்ல வேலை இருக்கு."

வேலை ஒண்ணும் இருக்காது பாஸ். நம்மளால மத்தவங்களுக்குக் கஷ்டம்ங்கிற நினைப்புதான். நீங்களும் 'பாவம், எதுக்கு அலையணும்'னு விட்டுடுவீங்க. மூணு வருஷம் ஒண்ணா படிச்சும், குரூப் போட்டோவுல அவர் மட்டும் இருக்க மாட்டார்.

தென்காசி பக்கம் ஆய்க்குடி தெரியும்ல? அந்த ஊர்க்காரர் எஸ்.ராமகிருஷ்ணன், உங்களை மாதிரி இன்ஜினீயரிங் படிச்சுக்கிட்டிருந்தவர். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் போனார். அங்கே உடல்திறன் சோதனையில விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோச்சு. 1981-ல் அவர் ஆய்க்குடியில ஆரம்பிச்சதுதான் அமர் சேவா சங்கம். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலோட பேரைத்தான் வச்சார். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைச்சது.

'என்ன ஒரு மன உறுதி!'ன்னு கைதட்டிட்டு நகர்ந்துடாதீங்க. அந்தச் சங்கம் செய்ற ஒரு வேலையைக் கவனிங்க. குழந்தைகளை அலைய விடாம, பயிற்சி தர்றவங்க கிராமத்துக்கே போறாங்க. ஆளுக்குத் தக்கபடி ஏற்பாட்டை மாத்துறாங்க. டூருக்கும் அதே ஃபார்முலாதான்.

முதல் வேலை, அவர்கிட்டயே கேக்குறது. வண்டியில ஏற எப்படி உதவணும், தூக்கலாமா கூடாதா, எவ்வளவு நேரம் உக்கார முடியும்னு அவருக்குத்தான் தெரியும். கேக்காம வீல்சேரைத் தள்ளாதீங்க. முக்கியமா டாய்லெட் பத்திப் பேசுங்க. வழியில வசதி இருக்காதோன்னு பயந்து நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம வர்றவங்க நிறைய பேர்.

ரெண்டாவது, டேப். லாட்ஜுக்கு போன் போட்டா "ரெண்டே ரெண்டு படிதான் தம்பி"ம்பாங்க. ரெண்டு படி சேர்ந்து ஒரு அடி உயரம்னு வைங்க. வீல்சேர் சரியா ஏற, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேணும். அதனால படி எத்தனை, பாத்ரூம் கதவு எத்தனை அங்குல அகலம்னு அளந்து சொல்லச் சொல்லுங்க. முடிஞ்சா போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

மூணாவது, டிக்கெட். துணையில்லாம பயணம் செய்ய முடியாத நிலையில இருக்குறவங்களுக்கு ஸ்லீப்பர் கட்டணத்துல 75 சதவீதம் தள்ளுபடி. கூட வர்ற ஒருத்தருக்கும் அதே சலுகை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனி பெர்த் ஒதுக்கீடும் இருக்கு. இதுக்கு ரயில்வே அடையாள அட்டை வாங்க நாளாகும். அதனால இப்பவே விண்ணப்பிங்க. நம்ம ஊர் சாதாரண டவுன் பஸ்ல 2021-லிருந்து மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வர்ற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல. ஆனா பஸ் படிக்கட்டோட உயரம் குறையலையே! வேன் பிடிக்கிறதா இருந்தா, படி எவ்வளவு உயரம், மடக்கின வீல்சேர் வைக்க இடம் இருக்கான்னு பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

நாலாவது, இடம். செண்பகாதேவி அருவிக்கு மலையேறித்தான் போகணும். மெயின் அருவி கடைத்தெரு பக்கத்துலயே இருக்கு. சீசன் ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வீல்சேர் நகராது. வார நாள், காலை நேரம் பாருங்க. பாபநாசத்துல படித்துறையில இறங்குறதுக்கு முன்னால ஒருத்தர் போய் வழியைப் பார்த்துட்டு வரட்டும். எல்லாரும் சேர்ந்து போகக்கூடிய இடத்தை முதல்ல முடிவு பண்ணிட்டு, மலையேற்றத்தை விருப்பப்பட்டவங்களுக்கு அதிகாலையில வச்சுக்கலாம்.

பார்வையில்லாத நண்பர்னா கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, உங்க முழங்கையை அவர் பிடிச்சுக்கட்டும். போற இடத்தை வாயால வர்ணிங்க. காது கேக்காதவர்னா, வண்டி கிளம்புற நேரம், இடம் எல்லாத்தையும் போன்ல மெசேஜா அனுப்பிடுங்க. பஸ்ல கத்திச் சொன்னா அவருக்குச் சேராது.

இதெல்லாம் நாம போடுற பிச்சைன்னு நினைச்சுடாதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்தும் பொது இடங்களும் எல்லாரும் பயன்படுத்துற மாதிரி இருக்கணும்னு சொல்லுது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் போட்ட வழக்குல, அதற்கான விதிகள் வெறும் பரிந்துரையா இருந்தா போதாது, கட்டாயமா இருக்கணும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு.

நோட்டீஸ் போர்டுல டூர் அறிவிப்பு ஒட்டும்போது பேர், போன் நம்பர், சைவமா அசைவமான்னு கட்டம் போடுவீங்கல்ல? அதுகூட இன்னொரு கட்டம் சேருங்க: 'உங்களுக்கு என்ன ஏற்பாடு வேணும்?' தேதியும் இடமும் அதுக்கப்புறம் முடிவாகட்டும்.