பேய் முகமும் ஓலைக் கொழுக்கட்டையும்

அக்டோபர் மாதம் முடியும் தறுவாயில், எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் தாய்மார் சிலர் கைப்பேசியில் படம் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆவியுருவில் நிற்கும் வாழைப்பழம், சிலந்தி வடிவில் பிஸ்கட், பூசணி முகம் தீட்டிய கேக். சென்னையிலோ பெங்களூரிலோ வாழும் உறவினர் அனுப்பியவை. "எம் புள்ளயும் இதக் கேட்டு அடம் புடிக்கான். செஞ்சு குடுக்கலாமா டாக்டர்?" என்பது அவர்களது கேள்வி. களக்காட்டில் இப்படியொரு கேள்வி எழும் என்று பத்தாண்டுகளுக்கு முன் நாங்கள் நினைத்ததில்லை.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் செய்து கொடுப்பதைவிடப் பிள்ளையைச் செய்யவிடுவதே மேல் என்பது எங்கள் கருத்து. நோயுற்ற பிள்ளையாயின் இன்னும் அழுத்தமாகவே சொல்வோம்.

அக்டோபர் 31 அன்று மேலைநாட்டார் கொண்டாடும் ஹாலோவீன், அயர்லாந்துப் பகுதியின் பழைய வழக்கங்களிலிருந்து வளர்ந்தது. அங்கே முதலில் முகம் செதுக்கியது டர்னிப் என்னும் கிழங்கில்தான். மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது அங்கு எளிதாகக் கிடைத்த பூசணி அதன் இடத்தைப் பிடித்தது. மண் மாறியதும் காயும் மாறிற்று. அவ்வாறாயின், வாழைக்குப் பெயர்பெற்ற களக்காட்டில் கேக்குக்கும் வண்ணக் கிரீமுக்கும் அலைவானேன்? வாழைப்பழத்தைக் குறுக்கே பாதியாக வெட்டி நிமிர்த்தி வைத்து, இரண்டு கருப்பு எள்ளைக் கண்ணாகப் பதித்தால் ஆவி தயார். இட்லி மேல் கேரட் துருவலை முடியாக வைத்து, கறிவேப்பிலையை மீசையாக ஒட்டினால் இன்னொரு பூதம். ஐந்து நிமிட வேலை. நாலு வயதுப் பிள்ளையும் செய்துவிடும்.

இதற்கெல்லாம் மேலான ஒன்று நம்மிடமே உண்டு. ஹாலோவீன் முடிந்து சில வாரங்களில் திருக்கார்த்திகை வருகிறது. கோயில் வாசலில் சொக்கப்பனை எரியும். சிறுவர்கள் தீப்பொறி சிதற மாவலி சுற்றுவர். வீட்டில் ஓலைக் கொழுக்கட்டை வேகும். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் வளர்ந்த எவர்க்கும் அந்த மணம் மறக்காது. வறுத்த பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, வேகவைத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, கழுவித் துடைத்த பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் அடைத்து, ஓலை நாரால் கட்டி ஆவியில் வைப்பர். வெந்தபின் பிரித்தால் கொழுக்கட்டையின் மேல் ஓலையின் வரிகள் அச்சாகப் பதிந்திருக்கும். பனையோலை கிடைக்காத வீட்டில் வாழையிலை போதும். வரி வராது, சுவை வரும்.

இதில் பெரியவர் கை தேவைப்படும் இடம் பாகு காய்ச்சுவதும் ஆவிப்பானையைக் கையாள்வதும் மட்டுமே. பிசைதல், அடைத்தல், கட்டுதல் யாவும் பிள்ளை விளையாட்டு. பேய் முகம் வேண்டுமென்றால் மாவை உருட்டி எள்ளால் கண் வைக்கட்டும், கார்த்திகை கோபித்துக்கொள்ளாது. பூசணியையும் நாம் அறியாதவர் அல்லர். மார்கழியில் வாசலில் வைத்த பூசணிப் பூவை எருவோடு சேர்த்துத் தட்டி உலர்த்தி, தை மாதத்தில் முற்றத்தில் சிறுவீடு கட்டி, சின்னஞ்சிறு பானையில் சிறுமியர் தம் கையாலேயே பொங்கலிட்ட ஊர்கள் இவை. பிள்ளைகளுக்கென்று தனி அடுப்பே வைத்துக் கொடுத்த மக்கள், இப்போது 'உள்ளே வராதே, சுட்டுக்கொள்வாய்' என்று அவர்கள் கையில் சிப்ஸ் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புவது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

சென்ற ஆண்டு, முதல் வகை நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுவன் ஒருவன் திருக்கார்த்திகை முடிந்து எங்களிடம் வந்தான். சர்க்கரை அளவு நன்றாகவே இருந்தது, முகம்தான் வாடியிருந்தது. கேட்டபோது, "எல்லாரும் ஆச்சி கூட கொழுக்கட்டை பிடிச்சாங்க. என்னய மட்டும் டிவி பாக்கச் சொல்லிட்டாங்க" என்றான். தனக்குத் தின்னத் தரவில்லை என்று அவன் முறையிடவில்லை. மாவில் கை வைக்க விடவில்லை என்பதே அவன் மனக்குறை. தாயைக் கேட்டால், நாங்கள் கொடுத்த உணவுத் தாளை எடுத்துக் காட்டினார். 'தவிர்க்க வேண்டியவை' என்ற தலைப்பின்கீழ்க் கொழுக்கட்டையும் இருந்தது. பிழை எங்களுடையது. அந்தத் தாளை நாங்கள் திருத்திவிட்டோம்.

எனினும், எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு நம்பிக்கையையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. 'கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது' என்று பலர் உறுதியாகச் சொல்கின்றனர். அது தவறு. வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான் கருப்பட்டியிலும் பெரும்பகுதி. மணமும் சிறிதளவு தாது உப்புகளும் கூடுதலாக இருக்கலாம்; இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆகவே நீரிழிவுள்ள பிள்ளைக்குக் கருப்பட்டி மருந்துமன்று, நஞ்சுமன்று. கணக்கில் சேர்க்க வேண்டிய ஒரு பொருள். 20 கிராம் அரிசி மாவும் 10 கிராம் கருப்பட்டியும் சிறிது பயறும் சேர்ந்த ஒரு கொழுக்கட்டையில் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். சமையலறைத் தராசில் அந்தப் பிள்ளையே நிறுத்து எழுதட்டும். மருத்துவர் சொல்லித் தந்த கணக்கின்படி இன்சுலினை அமைத்துக்கொண்டு, மற்றவரோடு அமர்ந்து உண்ணட்டும். ஏழெட்டு வயதில் இப்படி எடை பார்க்கக் கற்ற பிள்ளை, பதினைந்து வயதில் நண்பர்களோடு வெளியே போகும்போது திணறாது என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட பிள்ளைகளின் செய்தி வேறு. அவர்களுக்கு வாழைப்பழமும் கருப்பட்டியும் தேங்காயும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. அவர்களும் பிசையலாம், கட்டலாம். உண்பதற்கு அனுமதிக்கப்பட்ட வேறொன்றை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டோர் இருக்கும் வீட்டில் முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, தேங்காய்ப் பல் எதுவும் அலங்காரத்துக்குக்கூட வேண்டா. மூச்சுக்குழலில் சிக்கிய கடலையை எடுப்பதற்காகப் பிள்ளையை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ தூக்கிக்கொண்டு ஓடும் இரவு எவர்க்கும் வரக்கூடாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பதும் கூடாது.

பானை மூடியைப் பெரியவரே, தம் முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும். தப்பித்தவறி ஆவி பட்டுவிட்டால் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூசாமல் அழைத்து வாருங்கள்.

திருக்கார்த்திகைக்குப் பின் பரிசோதனைக்கு வரும் பெற்றோர், பிள்ளை எத்தனை கொழுக்கட்டை தின்றது என்பதை மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நாங்கள் ஏசமாட்டோம். எத்தனை கட்டினான், எத்தனை அவிழ்ந்து போயிற்று என்பதையும் சேர்த்தே கேட்போம்.