சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொள்ளும் கொலைகாரர்

வழக்கு முடியுந் தறுவாய். நீதிமன்றம் நிறைந்திருக்கிறது. சட்டத்தரணி மெல்ல எழுந்து சாட்சியை நோக்கி நடக்கிறார். ஒரு வினா, உடனே மறுமொழி வருகிறது. இன்னொரு வினா, மறுமொழி சற்றே தடுமாறுகிறது. மூன்றாம் வினாவில் சாட்சியின் முகம் வெளிறிப் போகிறது. நாலாவது வினா முடியுமுன்னரே, "ஆம், நானே கொன்றேன்!" என்று அவர் அலறிவிடுகிறார். குற்றஞ் சாட்டப்பட்டிருந்த பேதைப் பெண் விம்மி அழ, சட்டத்தரணியின் காரியதரிசி புன்னகை பூக்க, நாடகம் இனிதே நிறைவுறுகின்றது.

இஃது எந்த நாடகமென்று நம் வாசகருள் மூத்தவர் பலர் இதற்குள் அறிந்திருப்பர். 1957ஆம் ஆண்டு செப்தெம்பர் 21ஆந் திகதி, ஒரு சனிக்கிழமை இரவு, அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியிலே தொடங்கிய 'பெரி மேசன்' என்பதே அது. ஒன்பது பருவங்கள், 271 நாடகங்கள் என்று 1966ஆம் ஆண்டுவரை அது நீண்டது. அவை அனைத்தையும் பற்றி இங்கே பேசப் புகின் இத்தாள் போதாது. ஆதலின் முதற் பருவத்தின் முப்பத்தொன்பது நாடகங்களை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். பின்னால் வந்தவற்றிற் காணும் நன்மையுந் தீமையும் இவற்றிலேயே முளைவிட்டு நிற்கின்றன.

முதல் நாடகத்தையே பார்ப்போம். களவுக் குற்றச்சாட்டொன்றிலிருந்து அண்மையிலே விடுபட்ட உணவுச்சாலைப் பணிப்பெண் ஒருத்தி, தன் அறையில் யாரோ வைத்துவிட்டுப் போன கைத்துப்பாக்கியைக் காண்கிறாள். இரவிலே மோட்டார் வண்டியில் தனியே செல்லும்போது, தலையணை உறையால் முகத்தை மறைத்த ஒருவன் பின்தொடர்ந்து அச்சுறுத்துகிறான். அவள் சுடுகிறாள். அவன் வண்டி உருண்டு விழ, உள்ளே பிணம் கிடக்கிறது. இனி அவளுக்காகப் பேச யார் இருக்கிறார்? ஊரார் கண்ணில் அவள் முன்னமே களவுப் பட்டம் சூடியவள். இப்போது கொலைப் பட்டமும் சேர்ந்துகொண்டது. இத்தகைய ஒருத்தியைத்தான் பெரி மேசன் முதல் முதல் தம் அலுவலகத்துக்குள் வரவேற்கிறார். அவர் அவளிடம் விசாரிப்பது நடந்தது யாது என்பதையே. ஊர்ப்பேச்சு அவருக்குப் பொருட்டன்று. நாடகத்தின் பெருமை முழுவதும் இந்த ஒரு செய்கையிலே அடங்கியிருக்கிறதென்பது நம் கருத்து. துப்பாக்கி மாறியதும் குண்டு பொருந்தியதும் போன்ற புதிர்களைப் பத்து நாளில் மறந்துவிடுகிறோம். அந்த வரவேற்பு மறப்பதில்லை.

மேசனைப் படைத்த ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தாமும் ஒரு சட்டத்தரணியே. பல்கலைக்கழகச் சட்டப்படிப்பை முடிக்காமல், தாமே கற்று, 1911ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவில் தொழில் புரியும் உரிமை பெற்றவர். ஒக்ஸ்நாட் என்னும் சிற்றூரில், வேறு எவரும் முகங்கொடுக்க விரும்பாத சீனக் குடியேறிகளுக்காக வழக்காடியவர். 1933இல் முதல் மேசன் நாவலை வெளியிட்டார். 1948 முதல், பிழையாகத் தண்டிக்கப்பட்டனர் என்று ஐயுறத்தக்க கைதிகளின் வழக்குகளை நிபுணரைக் கொண்டு மீண்டும் ஆராயும் முயற்சியொன்றை ஒரு சஞ்சிகையின் துணையுடன் நடத்தினார். முன்னே வந்த திரைப்படங்கள் தம் மேசனைக் கெடுத்துவிட்டன என்று மனம் வெதும்பியிருந்தமையால், தொலைக்காட்சிக்கான கதைவசனங்களைத் தாமே பார்வையிட்டு ஒப்புதல் அளித்த பின்னரே படம்பிடிக்க விட்டார். மேசனாக நடித்த றேமண்ட் பர்ரோ அதற்கு முன் திரையில் பெரும்பாலும் கொடியவர் வேடம் பூண்டவர். 1954இல் ஹிச்கொக் எடுத்த படமொன்றில் மனைவியைக் கொன்ற கணவனாக வந்தவரும் அவரே. அகன்ற தோளும் ஆழ்ந்த கண்ணும் அன்று அச்சத்தை ஊட்டின. மேசனிடத்திலே அவையே அடைக்கலமாகத் தோன்றின.

மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதற் பருவத்தின் நீதிமன்றக் காட்சிகளிற் பெரும்பாலானவற்றிலே யூரிமாரைக் காண முடியாது. அங்கே நடப்பது முழு விளக்கம் அன்று. அதற்கு முற்பட்ட பூர்வாங்க விசாரணை. 'இவரை மேல்மன்றத்தில் விளக்கத்துக்கு நிறுத்தப் போதிய சான்று உண்டா?' என்பது ஒன்றே அங்கு எழும் கேள்வி. நம் நாட்டு நீதவான் நீதிமன்றங்களிலே நடைபெறும் சுருக்கமுறையற்ற விசாரணை இதற்கு ஒருவாறு ஒப்பாகும். உண்மையான சட்டத்தரணிகள் அவ்வேளையில் தம் கைச்சரக்கை வெளியிடாமல் விளக்கத்துக்கென்று காத்து வைப்பார்கள். மேசனோ அங்கேயே அனைத்தையும் கொட்டிவிடுகிறார். கதை ஒரு மணி நேரத்துள் முடிய வேண்டுமல்லவா! பன்னிரண்டு பேரைக் கிழமைதோறும் அமர்த்தி வேதனம் கொடுக்கும் செலவும் தயாரிப்பாளருக்கு மிச்சம். எதிரிக் கூண்டு என்பதும் அங்கே இல்லை. குற்றஞ் சாட்டப்பட்டவர் தம் சட்டத்தரணியின் அருகே ஒரே மேசையில் அமர்கிறார். கைதியென்று கூண்டிலே தனித்து நிறுத்தாமல் ஒரு மனிதரென்று பக்கத்திலே இருத்தும் அவ்வழக்கம், பார்ப்போர் மனத்தில் எத்துணை வேறுபாட்டை உண்டாக்கிவிடுகின்றது!

இனி நம் மனக்குறையைச் சொல்லிவிடுகிறோம். கிழமைதோறும் உண்மைக் கொலைகாரர் வெளிப்பட்டாலன்றி மேசனின் கட்சிக்காரருக்கு விடுதலை இல்லை. இதனைப் பார்த்துப் பழகிய கண், வேறு யார் கொன்றாரென்று காட்டுவது குற்றஞ் சாட்டப்பட்டவரின் கடனென்று எண்ணத் தொடங்குகிறது. சட்டம் அவ்வாறு சொல்லவேயில்லை. நிறுவும் பாரம் முழுவதும் குற்றஞ் சாட்டியவர் தலைமேலே கிடக்கிறது. நியாயமான ஐயம் எஞ்சுமாயின் விடுவித்தே ஆகவேண்டும். 'நான் சுற்றவாளி' என்று கூறியபின், கூண்டிலிருப்பவர் வாய் திறவாமலே இருக்கலாம். நம் வீட்டுத் திண்ணைகளிலே நடப்பது யாது? பக்கத்து வீட்டுப் பையனைப் பொலிஸார் அழைத்துச் சென்றார்கள் என்ற செய்தி காலையில் வந்தால், மத்தியானத்துக்குள் அவனுக்குத் தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். "ஒன்றுமில்லாமலா பிடித்தார்கள்?" என்பார் ஒருவர். "அவன் செய்யவில்லையென்றால் வேறு யார் செய்தது?" என்பார் மற்றவர். இரண்டாவது கேள்வி மேசன் நாடகத்துக்கே உரிய கேள்வி. அதற்கு விடை சொல்ல வகையறியாத தாய் வாசலில் நின்று அழுதுகொண்டிருப்பாள். அவன் பின்னர் விடுதலையாகி வந்தாலும், அவன் தங்கையின் கலியாணப் பேச்சில் அந்த ஒரு நாள் திரும்பத் திரும்ப எழுந்து நிற்கும்.

மேசன் நாடகம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அமெரிக்காவில் நிகழ்ந்த மெய்யான வழக்கொன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1961ஆம் ஆண்டு, புளோரிடா மாநிலத்திலே கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்னும் ஏழை, பந்தாட்ட விடுதியொன்றை உடைத்துத் திருடப் புகுந்தாரென்று பிடிக்கப்பட்டார். சட்டத்தரணியை அமர்த்தப் பணமில்லை. நீதிமன்றமாவது ஒருவரைத் தரவேண்டுமென்று கேட்டார். கொலை போன்ற மரண தண்டனைக் குற்றமாயினன்றித் தருவதற்கு அம்மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்றார் நீதிபதி. தமக்குத் தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சிறையிலிருந்தபடியே பென்சிலால் ஒரு மனு எழுதி உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி, பாரதூரமான குற்றஞ் சாட்டப்பட்ட ஏழைக்குச் சட்டத்தரணியை அளிப்பது மாநிலத்தின் கடமையென்று அம்மன்றம் தீர்த்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் வழக்கு மீண்டும் விளங்கப்பட்டது. இம்முறை அவரருகே ஒரு சட்டத்தரணி இருந்தார். பிரதான சாட்சியின் சொல்லை அவர் குறுக்கு விசாரணையிலே துருவித் துருவி ஆட்டங்காணச் செய்தார். யூரிமார் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆலோசித்துக் கிடியனை விடுவித்தனர். 'நானே திருடினேன்' என்று எவரும் எழுந்து அலறவில்லை. சாட்சி ஐயத்துக்கு இடமாயிற்று, அதுவே போதுமாயிருந்தது.

மேசன் வாழ்வதாகச் சொல்லப்படும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலோ, ஏழைகளுக்காக வாதிடும் பொது அலுவலகம் 1914ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆயினும் முதற் பருவம் முழுவதும் தேடினாலும் அவ்வலுவலகத்தின் சுவடு நம் கண்ணிற் பெரிதாகப் படவில்லை. எல்லாரும் மேசனிடமே ஓடி வருகிறார்கள். பணமில்லாதவரையும் அவர் கைவிடுவதில்லை என்பது உண்மைதான். எனினும், ஒருவருடைய பெருந்தன்மையை நம்பியிருப்பதற்கும் உரிமையாகக் கேட்டுப் பெறுவதற்கும் உள்ள தூரம் சிறிதன்று. பொலிஸ் விசாரணைக்கு முன் 'பேசாதிருக்க உமக்கு உரிமையுண்டு' என்று எச்சரித்தல் வேண்டுமெனும் மிராண்டா தீர்ப்பு 1966ஆம் ஆண்டு ஜூன் 13ஆந் திகதி வந்தது. மேசனின் கடைசி நாடகம் மே 22இல் ஒளிபரப்பாகியிருந்தது. லெப்டினன்ற் ட்ராக் தாம் தோன்றிய பருவங்களிலே கதவைத் தட்டாமலே நுழைந்து கேள்வி கேட்டுத் தீர்த்துவிட்டார். இருபத்திரண்டு நாள் பிந்தியிருந்தால் அந்நாடகத்துப் பொலிஸாருக்கும் அந்தத் தொல்லை வந்திருக்கும்!

தோற்றுக்கொண்டே இருக்கும் அரசதரப்புச் சட்டத்தரணி ஹமில்டன் பேர்கரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. ஆனால் அந்தப் பாத்திரத்தினாலேயே ஒரு பெரிய வாழ்க்கை திசை கொண்டது. நியூயோர்க்கின் புறோன்க்ஸ் பகுதியிலே எளிய தொடர்மாடி வீட்டில் வளர்ந்த சோனியா சொட்டோமேயர் என்னும் சிறுமி இந்நாடகத்தைத் தவறாது பார்ப்பவள். மேசனிடம் தோற்ற பேர்கர், குற்றவாளி தண்டிக்கப்படுவது போலவே குற்றமற்றவர் விடுபடுவதும் தம் கடமையின் நிறைவே என்னும் கருத்துப்படப் பேசிய காட்சியொன்று அவள் மனத்திலே தைத்தது. பிற்காலத்தில் அவரே அரசதரப்புச் சட்டத்தரணியாகி, நீதிபதியாகி, 2009ஆம் ஆண்டு அமெரிக்க உயர்நீதிமன்றத்துக்கு நியமனம் பெற்றபோது, செனற் சபையின் விசாரணையிலே இதனைத் தம் வாயால் எடுத்துரைத்தார். வென்றவரின் வாதத்திறமையைக் காட்டிலும் தோற்றவரின் நேர்மை ஒரு பிள்ளையைப் பற்றிக்கொண்டது வியப்பன்றோ? பேர்கராக நடித்த வில்லியம் டல்மன் 1968இல் நுரையீரற் புற்றுநோயால் மாண்டார். சாகுந் தறுவாயிலும் 'புகை பிடியாதீர்' என்று தொலைக்காட்சியிலே வேண்டிக்கொண்டு போன மனிதர் அவர்.

அதே விசாரணையில் செனற்றர் அல் ஃபிராங்கன், "மேசன் தோற்ற ஒரு வழக்கு எது?" என்று வேடிக்கையாகக் கேட்டார், அம்மையாருக்கு நினைவு வரவில்லை. முதற் பருவத்தின் கடைசியிலே, 1958 ஜூன் மாதத்தில் வந்த 'அஞ்சிய தட்டெழுத்தாளி'யைப் பார்த்தவர்கள் விடை சொல்வர். அதில் யூரிமார் உண்டு. மேசனின் கட்சிக்காரர் குற்றவாளி என்றே தீர்ப்பும் வருகிறது. பின்னர், அவர் வேறொருவரின் பெயரைச் சூடிய ஆள்மாறாட்டக்காரரென்று மேசனே கண்டுபிடிக்க, அத்தீர்ப்பு செல்லாது போகின்றது. எழுதியவர்களுக்கு மேசனைத் தோற்கவிட மனம் வரவில்லை போலும்! என்றாலும், கட்சிக்காரர் பொய்யராயிருக்கவுங் கூடும், அப்போதும் ஒருவர் அவருக்காக எழுந்து பேசவேண்டும் என்னும் கசப்பான உண்மையை இந்நாடகம் தொட்டுச் செல்கிறது. பருவத்திலே நமக்கு மிகவும் பிடித்தது இதுவே.

2020ஆம் ஆண்டிலே எச்.பீ.ஓ. நிறுவனம் மேசனைப் புதிதாகப் படைத்து எட்டுப் பகுதிகளை வெளியிட்டது. மத்தியூ றீஸ் மேசனாக நடித்த அக்கதை 1930களின் தொடக்கத்திலே நிகழ்கிறது. மேசன் முதலிற் சட்டத்தரணியே அல்லர்; துப்பறிவதைத் தொழிலாகக் கொண்ட, வறுமையும் போர்க்கால நினைவுகளும் வாட்டும் ஒருவர். தம் குழந்தையின் கொலையிலே உடந்தையென்று குற்றஞ் சாட்டப்பட்ட தாய்க்காக வாதிடவே அவர் சட்டத்தரணியாகிறார். இறுதிப் பகுதியின் தொடக்கத்திலே, கறைபடிந்த பொலிஸ்காரர் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி மேசன் மடக்குகிறார். நாமும் பழைய பழக்கத்தில், இதோ ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நிமிர்ந்து உட்காருகிறோம். அது முழுவதும் ஒத்திகை! எவரும் கூண்டில் நின்று ஒப்புக்கொள்வதில்லை என்று சொல்லி அவர் ஆசையைத் தணிப்பவர் வேறு யாருமல்லர், அதே ஹமில்டன் பேர்கர். யூரிமார் ஒருமனப்படாமையால் வழக்கு முடிவின்றிக் கலைகிறது. பன்னிருவருள் ஒருவருக்கு மேசனின் ஆள் கைலஞ்சம் கொடுத்திருந்தார் என்று பின்னர் அறிகிறோம். ஆனால் எவரிடமும் ஒரு சதமும் வாங்காமல், தாமாகவே அப்பெண்ணுக்காக நின்றவர்கள் இன்னும் இருவர் இருந்தனர்.

புதிய தொடரிலே குழந்தையின் சவமும் வேறு கொடிய காட்சிகளும் வருவதால், அது சிறுவர்கள் பார்ப்பதற்கன்று. பெற்றோர் தாம் முன்னர் பார்த்து முடிவு செய்க. பழைய முதற் பருவத்தை வீட்டிலுள்ள அனைவரும் கூடியிருந்து பார்க்கலாம். பார்க்கும்போது கொலைகாரர் வெளிப்படுவதற்கு ஐந்து நிமிடம் முன்னே படத்தை நிறுத்தி, அதுவரை கேட்ட சாட்சியங்களைக் கொண்டே தீர்ப்புச் சொல்லுமாறு பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.