குளோரினுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

குடிநீரில் கலக்கும் குளோரினால் புற்றுநோய் வரும் என்ற எச்சரிக்கை அவ்வப்போது கைப்பேசிகளில் வலம்வருகிறது. அதை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரக் குடிநீர் வாரியத்தில் பணியாற்றிய வேதியியலாளர் யோகன்னஸ் ரூக், குளோரின் கலந்த நீரில் குளோரோபார்ம் உள்ளிட்ட ட்ரைஹாலோமீத்தேன்கள் உருவாவதை 1974இல் உலகுக்கு அறிவித்தார். இலைதழைகள் மக்கி, நீருக்கு வெளிர்மஞ்சள் நிறம் தரும் கரிமப் பொருட்களோடு குளோரின் வினைபுரியும்போது இவை பிறக்கின்றன. வெயில் ஏறினாலும், குழாயில் நீர் நெடுநேரம் தேங்கினாலும் அளவு கூடும். குளோரோபார்மை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை.

அப்படியானால் குளோரினையே நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். 1991இல் பெரு நாட்டில் காலரா பரவி, அந்த ஓராண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். நோய் கடுமையாகத் தாக்கிய துருஹில்லோ நகரின் குழாய்நீரில் அப்போது குளோரின் கலக்கப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் வரக்கூடிய சிறு ஆபத்துக்குப் பயந்து, ஒரே வாரத்தில் உயிரைப் பறிக்கும் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடக் கூடாது. ட்ரைஹாலோமீத்தேன் போன்ற, கிருமிநீக்கத்தின்போது பிறக்கும் துணைப்பொருட்களைக் குறைக்கும் முயற்சியில் கிருமிநீக்கத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நெதர்லாந்து குளோரினைக் கைவிட்டதே என்பார்கள். உண்மைதான். ஆனால் மணல்மேடுகளில் ஊறவிட்டு, ஓசோன் செலுத்தி, மெதுமணல் வடிகட்டியில் இறக்கி, கசிவு மிகக் குறைந்த குழாயில் இரவுபகலாக நீர் ஓடும் நாடு அது. இங்கே பல ஊர்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. இடையில் காலியாகும் குழாய், விரிசல் வழியே சாக்கடையை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருப்பது நமக்கு அவசியம்.

எனவே நாம் குறைக்க வேண்டியது குளோரினிடம் சிக்கும் கரிமப் பொருளை. பாசி படர்ந்தவுடன் ஏரியிலிருந்து வரும் கலங்கல் நீரிலேயே குளோரினைக் கொட்டுவது துணைப்பொருட்களுக்கு நாமே தீனி போடும் வழக்கம். முதலில் படிகாரமிட்டுத் தெளியவைத்து, மணல் படுகையில் வடிகட்டி, அதன்பின் குளோரின் சேர்த்தால் குறைந்த அளவே போதும், ட்ரைஹாலோமீத்தேனும் குறையும். குளோரினுக்குப் பதில் குளோரமின் என்ற மாற்றும் முழுத் தீர்வல்ல. அது நைட்ரோசமின் வகை நச்சுகளை உருவாக்கக்கூடும். செலவாகும் என்ற ஆட்சேபமும் அரைகுறையானது. குளோரின் சேர்க்கும் இடத்தை மாற்றப் பெரிய முதலீடு தேவையில்லை. ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கச் செலவாகும். குளோரின் என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் செய்தாக வேண்டிய செலவு அது. குடிநீர் வாரியங்கள் எஞ்சிய குளோரினோடு ட்ரைஹாலோமீத்தேன் அளவையும், குறிப்பாகக் கோடையில், சோதித்து ஊரறிய வெளியிட வேண்டும். வரி கட்டிக் குடிப்பவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.