சுவரில் தொங்கும் சான்றிதழ்களை வாசிப்பது எப்படி?



வீட்டில் ஒரு பிள்ளை சாப்பாட்டைக் குறைக்கும்போது முதலில் நாம் சொல்வது "டயட் செய்யிறா", "சோதனைக் காலம்தானே" என்பதுதான். அது உண்ணுதல் கோளாறு என்று விளங்கும்போது மாதங்கள் கடந்துவிடுகின்றன. அதன்பின் வெட்கம் வந்து சேர்கிறது. பியோர்ண்டாலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் இரவில் கைத்தொலைபேசியில் ஒஸ்லோவிலும் லண்டனிலும் சென்னையிலும் தனியார் நிலையங்களைத் தேடுகிறோம். அழகான படங்கள், அவற்றின் கீழே வரிசையாகச் சின்னங்கள்: இன்ன சங்கத்தின் அங்கத்தவர், இன்ன அமைப்பின் சான்று பெற்றவர். "தங்கச்சி, இது நல்ல இடமோ?" என்று சபையில் தாதிகளாக இருக்கிற எங்களிடம் கேட்கிறார்கள். அந்தச் சின்னங்களை எப்படி வாசிப்பது என்று இந்த மாதம் பார்ப்போம்.

முதலாவது, அரச அங்கீகாரம். நோர்வேயில் 1999ஆம் ஆண்டின் சுகாதாரப் பணியாளர் சட்டப்படி வைத்தியர், தாதி, உளவியலாளர் போன்றோருக்குச் சுகாதார இயக்குநரகம் அங்கீகாரம் வழங்குகிறது. அவர்களுடைய பெயர்கள் ஹெச்.பி.ஆர். என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கும். யாரும் பார்க்கலாம். தவறாக நடந்தால் அரச சுகாதாரக் கண்காணிப்பு வாரியம் அந்த அங்கீகாரத்தைப் பறிக்கலாம். எங்கள் கழுத்திலும் அந்தக் கயிறு இருக்கிறது.

ஆனால் 'தெரபிஸ்ட்', 'கோச்', 'உணவு ஆலோசகர்' என்ற பெயர்களை யாரும் தம் கதவில் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதியவர் நல்லவராக இருக்கலாம். அந்தப் பெயர் மட்டும் எதையும் நிரூபிக்காது. உணவியல் நிபுணரிடம் போகும்போது 'கிளினிஸ்க்' என்ற சொல் பெயருக்கு முன்னால் உண்டா என்று கவனியுங்கள். அந்தச் சொல்லோடு வரும் பட்டத்துக்கே அரச அங்கீகாரம் உண்டு.

இரண்டாவது, அங்கத்துவம். உதாரணமாக, 1993இல் அமெரிக்காவில் தொடங்கிய உண்ணுதல் கோளாறுகளுக்கான சர்வதேசக் கழகத்தில் பல நாட்டு வைத்தியர்களும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சந்தா கட்டிச் சேர்கிறார்கள், மாநாடுகளில் கூடுகிறார்கள், ஆய்விதழ் வாசிக்கிறார்கள். தம் துறையில் புதிதாக வருவதை ஒருவர் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் சங்கத்தில் சேர்ந்ததால் அந்த நிலையத்தின் சிகிச்சையை யாரும் நேரில் வந்து சோதித்ததாக ஆகாது.

நோர்வேயில் மாற்றுச் சிகிச்சை செய்வோருக்கென்று புரோன்னொய்சுண்டில் ஓர் அரச பதிவேடும் உண்டு. அதில் பதிவது அவரவர் விருப்பம். அது மருத்துவத் தகுதிக்கான சான்று ஆகாது. கடுமையான நோய்களுக்கான சிகிச்சையைப் பொதுவாகச் சுகாதாரப் பணியாளரே செய்யவேண்டும் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

மூன்றாவது, நிலையத்துக்கான தரச்சான்று. அமெரிக்க நிலையங்களில் 'ஜொயின்ட் கமிஷன்' என்ற பெயரைக் காண்பீர்கள். 1951இல் உருவான இந்த அமைப்பு ஆட்களை அனுப்பி நிலையத்தையே பரிசோதிக்கிறது. ஆகவே இதற்கு அங்கத்துவத்தைவிட எடை அதிகம்.

இவ்வளவு ஏன் பார்க்கவேண்டும்? மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமானவற்றுள் அனொரெக்சியா ஒன்று. அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு குழம்பலாம். "நல்லாச் சமைச்சுப் போட்டால் சரிவரும்" என்ற எங்கள் வீட்டு வைத்தியமும் சிலவேளை ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேட் சரிந்து இதயமும் மூச்சும் பாதிக்கப்படலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுதலையான கைதிகளிடம் வைத்தியர்கள் இதைக் கண்டார்கள். அன்பும் ஆறுதலும் வேண்டும்தான். இரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்யத் தெரிந்த ஆட்களும் வேண்டும்.

எந்த நிலையத்திடமும் இந்த மூன்றையும் கேளுங்கள்:

1. என் பிள்ளையின் சிகிச்சைக்குப் பொறுப்பானவர் யார்? அவருடைய ஹெச்.பி.ஆர். எண் என்ன?

2. இரத்தம், இதயம் இரண்டையும் யார் கவனிப்பார்? நிலைமை மோசமானால் எந்த வைத்தியசாலை?

3. சிகிச்சை முறை என்ன? அனொரெக்சியா உள்ள சிறுவர், இளையோருக்குக் குடும்பத்தைச் சேர்த்துச் செய்யும் சிகிச்சையை நோர்வேயின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரைக்கிறது. "பெற்றோர் விலகி நில்லுங்கள்" என்று ஒரு நிலையம் சொன்னால் காரணம் கேளுங்கள்.

நல்ல நிலையம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

ஆனால் தேடித் தேடி நாட்களை இழக்கவேண்டாம். முதல் கதவு உங்கள் குடும்ப வைத்தியர்தான். 18 வயதுக்குட்பட்டவர்களை அவர் 'பூப்' என்ற இளையோர் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். அங்கே கட்டணம் இல்லை. அனுப்பிய கடிதத்தைப் 10 வேலை நாட்களுக்குள் பரிசீலித்துப் பதில் தரவேண்டும். கடுமையான நிலைக்கு உல்லவோல் வைத்தியசாலையின் 'ரஸ்ப்' பிரிவும் விக்கர்சுண்டில் 'மொடும் பாட்' நிலையமும் உண்டு. முதலில் பேசிப் பார்க்க மட்டும் விரும்பினால் 'ரோஸ்' என்ற அமைப்பை அழைக்கலாம். அதற்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை.

மொழி தடையென்றால் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. தன் நோயைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் பாரம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஊர் அறிந்துவிடும் என்ற பயம் இருந்தால், வேறு நகரத்திலிருந்து தொலைபேசியில் பேசும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பாருங்கள். அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

வாலிபர்களே, 16 வயது நிரம்பினால் சுகாதார விடயங்களில் நீங்களே முடிவெடுக்கலாம். வைத்தியரிடம் நீங்களே நேரம் எடுக்கலாம். நீங்கள் சொல்வதை வைத்தியரும் தாதியும் சபையிலோ கடையிலோ சொல்ல முடியாது. அந்த அங்கீகாரத்தோடு சேர்ந்து வரும் கடமை அது.

"ஜெபித்தால் போதாதா?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறோம். ஜெபியுங்கள். ஜெபித்துக்கொண்டே நாளைக் காலை குடும்ப வைத்தியருக்கு அழையுங்கள். பிள்ளை மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ காலைவரை காத்திருக்காமல் 113ஐ அழையுங்கள்.