மரம் நனைந்தால் வெட்டு இல்லை



பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு மலையேறச் செல்லும் வழக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவரிடையே பெருகி வருகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், ஏறத் துணியும் நாம் திரும்பவும் துணிகின்றோமா என்னும் வினா என் நெஞ்சில் எழுகின்றது. நான் செய்த ஒரு பிழையே அதற்குக் காரணம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊலு லங்காட் வட்டாரத்திலுள்ள குனோங் நுவாங் மலைக்குச் செல்லத் திட்டமிட்டோம். அது 1,493 மீட்டர் உயரமுடையது. காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்குவதாக ஏற்பாடு. கிள்ளானிலிருந்து புறப்பட்ட வேன் தாமதித்தது. பிரிக்பீல்ட்ஸில் ஏற வேண்டிய உறவினர் பலகாரம் வாங்க நின்றுவிட்டனர். பங்சூன் அடிவாரத்தில் கால் வைத்தபோது மணி 10. பழகியவர்க்கே உச்சி சென்று திரும்ப ஒரு பகல் முழுவதும் வேண்டும். எங்களுடனோ சிறுவர்கள் ஐவர். அப்போதே திட்டத்தை மாற்றியிருக்க வேண்டும். "உச்சியைக் காட்டுவேன்" என்று பிள்ளைகளுக்கு வாக்களித்திருந்த என் தற்பெருமை அதற்கு இடந்தரவில்லை.

லோலோ முகாமைக் கடந்து, கணுக்கால் நனையும் ஓர் ஓடையைத் தாண்டி மேலே நடந்தோம். பிற்பகலில் தொலைவில் இடி முழங்கிற்று. எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். "இங்கே மழையில்லையே, நடப்போம்" என்றேன். முப்பது ஆண்டுகள் பால்வெட்டு வேலை செய்த என் அக்காள் ஓடையையே உற்று நோக்கிக் கொண்டிருந்தார். தெளிந்த நீர் தேநீர் நிறமாகிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன.

"தம்பி, மேலே மழை கொட்டுகிறது. பிள்ளைகளைத் திருப்பு" என்றார்.

நான் தயங்கினேன், அவர் தயங்கவில்லை. சின்னவளின் கையைப் பற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். ஓடையை மீண்டும் கடந்தபோது நீர் முழங்காலைத் தொட்டது. பெரியவர்கள் கைகோத்து நின்று பிள்ளைகளைக் கரை சேர்த்தோம். அரை மணி நேரத்திற்குள் அதே ஓடை மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு ஓடிற்று. என் பேச்சைக் கேட்டிருந்தால் நாங்கள் அக்கரையில் இருட்டில் அகப்பட்டிருப்போம். அதைவிடத் தீயதும் நேர்ந்திருக்கலாம்.

இறங்கும் வழியில் என் இளைய மகன் கண் கலங்கி, "அத்தை, நாம் தோற்றுவிட்டோமா?" என்று கேட்டான். அக்காள், "மரம் நனைந்தால் வெட்டு இல்லை, கண்ணு. மரம் எங்கும் போய்விடாது" என்றார்.

தோட்டத்து மூத்தோர் இதன் பொருளை அறிவர். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் வழியாமல் பட்டையில் பரவி வீணாகும். கோப்பையில் மழைநீர் கலக்கும். வெட்டிய இடத்தில் நோயும் பற்றும். அன்றைய கூலி போகும். அடுப்பு எரிவதற்கே கவலை பிறக்கும். ஆயினும் கத்தியை உறையிலிட்டுத் திரும்பியவரை யாரும் கோழை என்று இகழ்ந்ததில்லை. வயிற்றுப்பாட்டுக்காக உழைத்தவர்களே திரும்பி வந்தார்கள். பொழுதுபோக்குக்காகச் செல்லும் நாம் திரும்புவதற்கு ஏன் நாண வேண்டும்?

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அன்று நான் பிள்ளைகளின் வலிமையை அளக்கவில்லை, காலத்தை மதிக்கவில்லை, இடத்தின் இயல்பை உணரவில்லை. மலையுச்சியில் பெய்யும் மழை, கீழே வெயில் காயும்போதே திடீர் வெள்ளமாக இறங்கும். மலாய் மொழியில் இதனைக் 'கெப்பாலா ஆயர்', அதாவது நீரின் தலை, என்பர். நீர் கலங்குதல், சருகு மிதத்தல், இரைச்சல் மிகுதல் ஆகியவை அதன் முன்னறிகுறிகள்.

சில வேளைகளில் அறிகுறியைக் காணவும் வாய்ப்பிராது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி அருகே முகாமிட்டிருந்த குடும்பங்கள் மீது விடியுமுன் மலைச்சரிவு விழுந்தது. குழந்தைகள் உட்பட 31 பேர் உயிரிழந்தனர்; 61 பேர் தப்பினர். உறங்கிக் கொண்டிருந்த அவர்கள்மீது பழி கூறுவது அறமன்று. நாம் கண்ணால் காணும் எச்சரிக்கையையேனும் புறக்கணிக்கலாகாது என்பதே அத்துயரம் நமக்கு விட்டுச் சென்ற கடமை.

'இனிப் பிள்ளைகளைக் காட்டுப்பக்கமே அனுப்பக் கூடாது' என்று பெற்றோர் சிலர் கூறுகின்றனர். அதனை நான் ஏற்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் குடும்பங்கள் பல அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறிவிட்டன. மூத்தோர் கற்ற மண்ணறிவும் மழையறிவும் நம் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்? காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த அறிவையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

காட்டிலாகாவின் அனுமதியைப் பெறுங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். கைவிளக்கும் ஊதலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் 999 எண்ணை அழைக்கலாம். ஆனால் காட்டினுள் கைப்பேசிக்கு அலை கிடைக்காமலும் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைப் புறப்படுமுன்பே முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்தால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்புங்கள்.

மாணவர்களே! முயற்சியைக் கைவிடாதீர்கள் என்று வகுப்பறையில் உங்களுக்கு ஓயாமல் போதிப்பவன் நான். அதனோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிழை என்று கண்டபின் திரும்புவது முயற்சியைக் கைவிடுவதாகாது. இதை நான் கற்றது ஆசிரியர் கல்லூரியில் அன்று. பால்வாளி சுமந்த என் அக்காளிடம்.